லாகின் பக்கம் மட்டும் முடிந்திருக்கிறது

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய அவசியமில்லை. நீ மாடியில் தூங்குகிறாய், மணி ஒன்பதாகப் போகிறது, குறட்டை கீழே கேட்கிறது. நலமாகத்தான் இருக்கிறாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ லேப்டாப்பைத் திறந்து ஓர் ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டுவாய், நான் கத்துவேன், உன் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார். கடிதத்துக்கு நடுவில் உன்னால் லேப்டாப்பைத் திறக்க முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. நம்மைப் போல ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிற அம்மாவும் பிள்ளையும் வேறு எங்காவது இருந்தால் அவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த கையோடு நீயும் கார்த்திகாவும் பெங்களூருக்குப் போகிறீர்கள். புது வேலை, புது வீடு, எல்லாம் தயார். இங்கே, நம் கோழிப்பண்ணை சாஃப்ட்வேர் ஓடுகிற சர்வரை வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள், நான் எழுதிய பி.எச்.பி. மொழியின் பழைய பதிப்பை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக மறுபடியும் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நிறுத்தினால் நான் எழுதிய பழைய சாஃப்ட்வேர் அன்றைக்கே படுத்துவிடும். அதை நம்பி முட்டைக் கணக்கும் தீவனக் கணக்கும் பார்க்கிற பண்ணைக்காரர்கள் மறுநாள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கோழி யாருக்காகவும் முட்டை போடாமல் காத்திருக்காது. புதிதாக எழுத வேண்டும், அதற்கு அடித்தளமாக ஒரு ஃப்ரேம்வொர்க் வேண்டும் என்று நீ சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. எந்த ஃப்ரேம்வொர்க் என்று இன்றுவரை முடிவாகவில்லை. என் வயிற்றெரிச்சல் இதுதான்.

ஓமலூரில் பெண் பார்க்கப் போன அன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் என் காதோரம் குனிந்து, "எனக்குச் சரிம்மா" என்றாய். ஆயுசு முழுக்க கூட இருக்கப்போகிறவளைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யத் தெரிந்த என் பிள்ளைக்கு, கோழிப்பண்ணைக் கணக்கு எழுத எதை எடுப்பது என்று மட்டும் முடிவு செய்யத் தெரியவில்லை. கார்த்திகாவை வேறு நாலு பெண்களோடு வைத்து அட்டவணை போட்டுப் பார்த்திருந்தால் அவள் எழுந்து உள்ளே போயிருப்பாள். பண்ணைக்காரர்களும் அப்படித்தான், எழுந்து போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லத் தெரியாமல்தான் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஃப்ரேம்வொர்க்கே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அந்தப் பழைய சாஃப்ட்வேரை எழுதும்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பகலில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் எழுதிச் சேர்த்தது அது. போன வருஷம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் போடுகிற கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியையும் பின்னால் நாலு எழுத்தையும் போட்டு, நம் வாடிக்கைக்காரர் துரைசாமி பண்ணையின் கணக்கு முழுவதையும் வெளியே கொட்டிக் காட்டினாய். "அம்மா, ஃப்ரேம்வொர்க்ல எழுதியிருந்தா இந்த ஓட்டையெல்லாம் அதுவே அடைச்சிருக்கும்மா" என்றாய். சரி என்றேன். எல்லாருக்கும் பொதுவாக வேண்டிய வேலைகளை யாரோ முன்பே செய்து, சோதித்து, திருத்தி வைத்திருக்கும்போது, அதன்மேல் நம் வேலையைக் கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எஞ்சினோடு வருகிற அடிச்சட்டத்தை, அதான் சேஸை, வாங்கி வந்து அதன்மேல் லாரி பாடி கட்டுகிற ஊர்க்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உன் அப்பாவும் ஒரு நாள் லாரிப் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "சேஸ் எதுன்னு பேசிக்கிட்டே இருந்தீங்கன்னா பாடி எப்படா கட்டுவீங்க?" நீ சும்மா விடவில்லை. "அப்பா, உங்க சேஸ்காரன் லாரி ஓடறப்பவே அடியில பூந்து சேஸை மாத்த மாட்டான். இங்க மாத்திருவான். ரெண்டு வருஷம் கழிச்சு இதுக்கு ஆளில்லைன்னு கைவிட்டுட்டும் போயிருவான். பாத்துத்தான எடுக்கோணும்?" என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை. பார்த்து எடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், எடுக்கவில்லை.

முதலில் ஜாங்கோ என்றாய். பைத்தான் மொழி, படிக்கச் சுலபம். மறுநாளே நிர்வாகப் பக்கம் தானாக வந்து நின்றது, நான் உனக்குப் பிடித்த பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஓடியது. பிறகு பெங்களூர் நண்பன் ஒருவன் போனில் என்னவோ சொன்னான். "அம்மா, இப்ப யாரும் இப்புடிப் பண்றதில்லம்மா" என்று வந்து நின்றாய். திரையில் தெரிவது தனி, பின்னால் கணக்குப் பார்ப்பது தனி என்று இரண்டாகப் பிரித்து, ஜாவாஸ்கிரிப்டில் மறுபடி பிள்ளையார் சுழி போட்டாய். அழகாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். விரலால் தள்ளினால் பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்கும் பிறகு ஒன்று வந்தது, அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பழகுவதற்குள் அதில் அடுத்த பதிப்பு வந்து, நீ பாதிப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தாய்.

போன வாரம் மூன்றையும் திறந்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் லாகின் பக்கம் முடிந்திருக்கிறது. மூன்றிலும் கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்பதுகூட முடிந்திருக்கிறது. கோழிக்குத் தீவனம் போட்ட கணக்கு ஒன்றிலும் இல்லை. வாசலுக்கு மூன்று தடவை நிலை வைத்திருக்கிறாய், உள்ளே அடுப்பங்கரையைக் காணோம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம்தான் வந்தது.

துரைசாமி பண்ணையில் நடந்ததை நீ 'ஒரு சின்னப் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதனால் அதை இங்கே எழுதுகிறேன், என் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நீயும் பார். நாமகிரிப்பேட்டை போகிற வழியில் இருக்கும் அந்தப் பண்ணைக்கு நீ ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய இரண்டாவது அவதாரத்தை, முட்டையும் இறப்பும் போடுகிற அரைகுறைப் பக்கத்தோடு, ஓட்டிப்பார்க்கக் கொடுத்தோம். அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு அத்தனை பண்ணைக்கும் வந்தவன் நீ. ஒரு ஷெட்டில் வேலை செய்கிறவர் அடுத்த ஷெட்டுக்குள் நுழைய மாட்டார், கிருமி பரவிவிடும் என்று. மத்தியானம் முட்டை எடுத்து முடிந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் ஷெட்டு வாசலில் நின்று எத்தனை அட்டை முட்டை, எத்தனை கோழி செத்தது என்று சத்தம் போட்டுச் சொல்வார்கள். நடுவில் நிற்கிற சூப்பர்வைசர் கையில் இருக்கும் ஒரே போனில் எல்லாவற்றையும் போடுவார். பண்ணைக்கு ஒரு போன், ஒரு ஆள். அங்கே காலங்காலமாக அப்படித்தான்.

நீ என்ன செய்தாய்? ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு தனி லாகின் வைத்தாய். ஏன் என்று கேட்டேன். "அது ரெடிமேடாவே கிடைச்சுதும்மா, ஒரு ஆளுக்கு ஒரு லாகின், அதுதான் முறை" என்றாய். கிடைத்தது, அதனால் வைத்தாய். பண்ணைக்கு வேண்டுமா என்று யோசிக்கவில்லை. சூப்பர்வைசர் போனில் ஒவ்வொரு ஷெட்டின் லாகினுக்குள்ளும் போய், வெளியே வந்து, மறுபடி கடவுச்சொல் போட்டு, வெயிலில் நின்று இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் அவருக்குத் தோன்றிய வழியில் வேலையை முடித்தார். எல்லா ஷெட்டிலும் செத்த கோழிகளைக் கூட்டி, மொத்தத்தையும் ஒன்றாம் ஷெட்டு கணக்கில் போட்டுவிட்டார். மொத்தம் சரியாக வந்தால் போதும் என்பது அவர் நினைப்பு. உன் சாஃப்ட்வேர் சும்மா இருக்குமா? ஒன்றாம் ஷெட்டில் இறப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று துரைசாமியின் போனுக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை அனுப்பியது.

துரைசாமி அப்போது சேலத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் இலையில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பந்தலில் நின்றபடியே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பண்ணைக்காரர்கள். நம் ஊரில் கோழிக்குச் சீக்கு என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் திரும்ப அள்ள முடியுமா? அவர் பண்ணை வந்து சேர்வதற்கு முன்னால் சேதி முட்டை வியாபாரிக்குப் போய்விட்டது. லோடு ஏற்ற வந்த லாரி பாதி வழியில் திரும்பிவிட்டது. டாக்டர் வந்து ஒவ்வொரு ஷெட்டாகப் பார்த்து, ஒன்றுமில்லை, எல்லாக் கோழியும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதைச் சொல்லி வியாபாரியை நம்பவைக்க அந்த வாரம் முழுக்க ஆயிற்று.

மறுநாள் துரைசாமி நம் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சீக்குல கோழி ஒண்ணும் சாகலீங்க அக்கா. என்ற மானந்தான் போச்சுங்க." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "தம்பி படிச்ச புள்ள, தப்புச் சொல்லலீங்க. ஆனா எங்களுக்கு அந்தப் பழசையே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தாய். அவர் படி இறங்கியதும் நீ சொன்ன வார்த்தை என்ன, நினைவிருக்கிறதா? "இது சூப்பர்வைசர் பண்ணுன தப்பும்மா. ஆனா வேற ஒரு ஃப்ரேம்வொர்க்ல இதை ஈசியாப் பண்ணிரலாம்மா."

அந்த நிமிஷம் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதக்கூடாத வாக்கியம்தான், ஆனாலும் உண்மை. சேலத்துப் பந்தலில் மானம் போய் ஒருவர் நம் படி ஏறி வந்திருக்கிறார், நீ அதற்கும் ஒரு புதுப் பொட்டலம் பிரிக்கப் பார்க்கிறாய். எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதியிருந்தாலும் அந்தத் தப்பு நடந்திருக்கும். லாகின் பண்ணைக்கு ஒன்றா, ஷெட்டுக்கு ஒன்றா என்பதை எந்த ஃப்ரேம்வொர்க்கும் உனக்குச் சொல்லாது. ஷெட்டு வாசலில் போய் ஒரு மத்தியானம் நின்றிருந்தால் சூப்பர்வைசரே சொல்லியிருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஆடத் தெரிந்தவன், அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நம் அலுவலகத்தில் என்னோடு புரோகிராம் எழுதுகிற சங்கீதாவையும் கொஞ்சம் நினைத்துப் பார். உன்னை 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டு, நீ பண்ணுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் பொறுமையாகக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். ஜாங்கோவுக்கு ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அது முடிவதற்குள் நீ அடுத்ததற்குப் போய்விட்டாய். போன வாரம் என்னிடம் வந்து, "அக்கா, தம்பி ஊருக்குப் போனதுக்கப்பறம் இதுல ஏதாச்சும் நின்னு போச்சுன்னா நான் யாரைக் கேக்கறதுங்க?" என்றாள். நான் உன்னிடம் கேட்டேன். நீ ஒரு வார்த்தையில் முடித்தாய்: "அங்கிருந்தே பாத்துக்கறேன்மா."

அங்கிருந்தே எப்படிப் பார்ப்பாய்? புது வேலையில் உன் மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது துரைசாமி போன் செய்வார். எடுப்பாயா? கார்த்திகாவோடு எங்காவது வெளியே கிளம்பி நிற்கும்போது சங்கீதா கூப்பிடுவாள். அவளிடம் எரிந்து விழுவாய், பிறகு என்னிடம் எரிந்து விழுவாய், கடைசியில் அந்தப் பெண்ணிடமும் எரிந்து விழுவாய். கல்யாணமாகி வருகிறவள் நம் பண்ணைக் கணக்கையும் சேர்த்தா கட்டிக்கொண்டாள்? நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. மனதாரத்தான் சொல்கிறாய். ஆனால் உன்னைத் தவிர வேறு யாருக்கும் புரியாத ஒன்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது உதவி ஆகாது. எங்களையும் கட்டிப்போடுகிறாய், உன்னையும் கட்டிப்போட்டுக்கொள்கிறாய்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். லாராவெல். உன் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 'ஓல்டும்மா' என்பாய். இருக்கட்டும். அது பி.எச்.பி.யில் எழுதுகிற ஃப்ரேம்வொர்க், சங்கீதாவுக்கும் எனக்கும் தெரிந்த மொழி. பழைய கணக்கு இருக்கும் டேட்டாபேஸ் அப்படியே இருக்கும், பி.எச்.பி.யின் புதுப் பதிப்பில் ஓடும் என்பதால் சர்வரையும் மாற்ற வேண்டாம். நீ அன்றைக்கு மேற்கோள் குறி போட்டுக் காட்டினாயே, அந்த ஓட்டை அடைபடும். சங்கீதாவும் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால், ராசிபுரத்திலோ சேலத்திலோ படித்து முடித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம். உலகத்திலேயே சிறந்தது இதுதானா என்றால் எனக்குத் தெரியாது, நான் அட்டவணை போடவில்லை. நடுவில் ஏதாவது நின்று போனால் எழுந்து வந்து சரி செய்யப்போவது யார் என்று பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்தது எது என்று பார்த்தேன். உன் அட்டவணையில் வேகம் இருக்கிறது, அளவு இருக்கிறது, எத்தனை பேர் நட்சத்திரம் போட்டார்கள் என்பது இருக்கிறது. சங்கீதாவுக்கு ஒரு கட்டம் இல்லை. நாளைக்குப் பெங்களூரில் உன்னிடம் யாராவது எதை எடுக்கலாம் என்று கேட்டால், அந்தக் கட்டத்தை முதலில் போடு.

நேற்றே ஆரம்பித்துவிட்டோம். முட்டையும் செத்த கோழியும் போடுகிற பக்கத்தை முதலில் எழுதினோம். எல்லா ஷெட்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. நீ எழுதியது போல வழுக்கிக்கொண்டு போகாது, கொஞ்சம் முக்கித்தான் நகரும். லாகினைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சங்கீதா சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரைசாமிக்குப் போன் செய்தேன். "ஒரே போன்ல எல்லா ஷெட்டும் போட்டுக்கலாமுங்களா?" என்றார். போடலாமுங்க என்றேன். "அப்பச் சரிங்க, நம்ம சூப்பர்வைசரை அனுப்பறேன், அவன்கிட்டயே கேட்டுக்குங்க" என்றார். மாதக் கடைசிக்குள் முடியுமா என்று பயமாகத்தான் இருக்கிறது. முடித்துவிடுவோம்.

இன்னொன்றும் செய்தேன். இன்று காலையில் சர்வர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உன் பெயரையும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். எழுந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு திறந்து பார்ப்பாய், உள்ளே விடாது. தடதடவென்று கீழே இறங்கி வந்து, என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று குதிப்பாய். குதி. கேட்டிருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீ போவது வருத்தமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டேன் என்று எழுத எழுதத் தெரிகிறது. இந்த ஒரு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை, கண்ணு. சாப்பிடும்போது சர்வர், பத்திரிகை வைக்கப் போகிற வழியெல்லாம் ஃப்ரேம்வொர்க். கார்த்திகாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதை அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு அந்தப் புது வேலை பிடித்திருக்கிறதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

பெங்களூர் போனதும் கூப்பிடு. சர்வர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போனை வைத்துவிடுவேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேள்.

அம்மா